கவுன்சிலின் சமத்துவத் தாக்க மதிப்பீட்டை எங்கே தட்டிப் பார்ப்பது?

கேள்வி: லண்டனில் எங்கள் பகுதிக் கவுன்சில், முதியோர் பகல்நேர நிலையம் ஒன்றை மூடி அதை வேறொரு நிலையத்தோடு இணைக்கப் போகிறது. தமிழ் முதியவர்கள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள். "சமத்துவத் தாக்க மதிப்பீடு செய்துவிட்டோம், யாருக்கும் தனிப்பட்ட பாதிப்பு இல்லை" என்கிறது கவுன்சில். அந்த மதிப்பீட்டை எப்படிப் படிப்பது? ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

ஒரு முடிவு எந்தெந்தப் பிரிவினரை எப்படிப் பாதிக்கும் என்று கவுன்சில் ஆராய்ந்து எழுதும் ஆவணமே இந்த மதிப்பீடு. அதன் உள்ளே போவதற்கு முன் இரண்டு தேதிகளைப் பாருங்கள். ஒன்று, மதிப்பீட்டில் கையெழுத்திட்ட தேதி. இன்னொன்று, மூடுவது என்று கவுன்சில் உண்மையில் முடிவெடுத்த தேதி. கேபினட் (கவுன்சிலின் முடிவெடுக்கும் தலைமைக் குழு) கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறிய நாளை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கட்டடத்தை விற்க ஏற்பாடு நடந்திருக்கிறதா, ஊழியர்களுக்குப் பணிநீக்க அறிவிப்பு போயிருக்கிறதா, வரவுசெலவுத் திட்டத்தில் இந்தச் சேமிப்பு ஏற்கெனவே வரவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். மதிப்பீடு அவற்றுக்குப் பின்னால் வந்திருந்தால், முடிவை நியாயப்படுத்த எழுதிய காகிதமாக அது இருக்க வாய்ப்பு அதிகம். 2008இல் பிரவுன் வழக்கில், இப்போதைய சட்டத்துக்கு முந்தைய சட்டத்தின் கீழ், இங்கிலாந்து உயர் நீதிமன்றம் வகுத்த கொள்கைகளில் இது முக்கியமானது: கொள்கையைப் பரிசீலிக்கும்போதும் அதற்கு முன்னரும் சமத்துவத்துக்குக் கவனம் கொடுக்கும் கடமையை நிறைவேற்ற வேண்டும். திறந்த மனதோடும், பேருக்கு இல்லாமல் உள்ளபடியே, கண்டிப்போடும் செய்ய வேண்டும். வேறொருவர் தலையில் கட்டிவிடவும் முடியாது.

அந்தக் கடமை எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்கலாம். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, 2011 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. கவுன்சில் தன் வேலைகளைச் செய்யும்போது மூன்று விஷயங்களுக்கு 'உரிய கவனம்' கொடுக்க வேண்டும் என்கிறது அது: பாகுபாட்டையும் தொந்தரவையும் பழிவாங்கலையும் ஒழிப்பது, வாய்ப்புச் சமத்துவத்தை வளர்ப்பது, பிரிவினரிடையே நல்லுறவை வளர்ப்பது. வயது, மாற்றுத்திறன், இனம், மதம் அல்லது நம்பிக்கை, பால், பாலின மாற்றம், பாலியல் நாட்டம், கர்ப்பமும் மகப்பேறும் ஆகிய எட்டுப் பாதுகாக்கப்பட்ட இயல்புகளுக்கும் இந்த மூன்றும் பொருந்தும். ஒன்பதாவதான திருமண நிலைக்கு முதலாவது மட்டுமே பொருந்தும். இனம் என்பதில் நிறம், குடியுரிமை, இன மூலம், தேச மூலம் எல்லாம் அடங்கும்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 'சமத்துவத் தாக்க மதிப்பீடு' என்ற பெயரில் ஓர் ஆவணம் தயாரித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வேல்சிலும் ஸ்கொட்லாந்திலும் தனி விதிகள் மதிப்பீட்டைக் கட்டாயமாக்குகின்றன. வட அயர்லாந்துக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறது. ஆகவே "மதிப்பீடு கட்டாயமில்லை" என்று லண்டன் கவுன்சில் அதிகாரி சொன்னால் அது பொய் இல்லை, ஆனால் பாதி உண்மை. உரிய கவனம் கொடுத்தோம் என்று காட்ட வேண்டியது கவுன்சிலின் பொறுப்பு. எழுத்தில் எதுவும் இல்லாமல் அதைக் காட்டுவது மிகக் கடினம்.

வறுமை இந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் கவனியுங்கள். சமூகப் பொருளாதார ஏற்றத்தாழ்வைக் கருத வேண்டும் என்ற, அதே சட்டத்தின் முதலாவது பிரிவு ஸ்கொட்லாந்தில் 2018 முதலும் வேல்சில் 2021 முதலும் நடைமுறையில் இருக்கிறது, இங்கிலாந்தில் இல்லை. "எங்கள் ஆட்கள் ஏழைகள்" என்ற வாதத்தை மட்டும் முன்வைத்தால் 149ஆம் பிரிவின் கீழ் அது எடுபடாது. அதே ஆட்கள் 75 வயதைத் தாண்டியவர்கள், நடக்க முடியாதவர்கள், பெரும்பாலும் பெண்கள் என்று காட்டினால் எடுபடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நிலையத்தை மூடக்கூடாது என்று இந்தச் சட்டம் சொல்வதில்லை. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடு என்றுதான் சொல்கிறது. 2011இல் நூலகங்களை மூடுவது தொடர்பாக நடந்த வழக்குகளை அருகருகே வைத்தால் இது புரியும். குளோஸ்டர்ஷயர், சாமர்செட் கவுன்சில்கள் தோற்றன. யார் பாதிக்கப்படுவார்கள் என்பதை அவை சரிவரப் பரிசீலிக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டது. அதே ஆண்டு, 12 நூலகங்களில் 6ஐ மூடிய பிரென்ட் கவுன்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் வென்றது. அங்கே ஆசிய மக்கள் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாக நூலகங்களைப் பயன்படுத்தினார்கள் என்ற வாதம் எழுந்தது, இருந்தும் கவுன்சில் போதுமான அளவு பரிசீலித்திருக்கிறது என்றே தீர்ப்பு வந்தது. எனவே உங்கள் இலக்கு "பாதிப்பு இருக்கிறது" என்று நிறுவுவதோடு நிற்கக்கூடாது. "இந்தப் பாதிப்பை நீங்கள் பார்க்கவே இல்லை" என்று நிறுவ வேண்டும்.

இனி மதிப்பீட்டுக்குள் போவோம். பெரும்பாலான கவுன்சில்களின் படிவத்தில் ஒரு நீண்ட அட்டவணை இருக்கும். ஒவ்வோர் இயல்புக்கும் எதிரே சாதகம், பாதகம், நடுநிலை என்று குறித்திருப்பார்கள். 'நடுநிலை' என்று எழுதிய ஒவ்வொரு கட்டத்துக்கும் அருகில் ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத 'நடுநிலை' ஒரு முடிவே அல்ல. அது நிரப்பப்படாத கட்டம்.

அந்த எண் எப்படி வர வேண்டும்? ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். நிலையத்துக்கு வருவோர் 120 பேர். அவர்களில் 75 வயதுக்கு மேல் 66 பேர், அதாவது 55 சதவீதம். பெண்கள் 84 பேர், 70 சதவீதம். மாற்றுத்திறனோ நீண்டகால நோயோ உள்ளவர்கள் 72 பேர், 60 சதவீதம். 'பிற ஆசியர்' (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர் பலர் குறிக்கும் பிரிவு) 48 பேர், 40 சதவீதம். பரோவின் (உங்கள் கவுன்சில் நிர்வகிக்கும் லண்டன் பகுதியின்) மக்கள்தொகையில் 'பிற ஆசியர்' 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 40ஐ 10ஆல் வகுக்க 4 வரும். இந்த முடிவு அவர்கள் மீது மக்கள்தொகைப் பங்கைப்போல நான்கு மடங்கு விழுகிறது. இவ்வளவுதான் கணக்கு. சட்டம் எந்த விகிதத்தையும் எல்லைக்கோடாக வைக்கவில்லை. ஆனாலும் 4 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு 'நடுநிலை' என்று எவரும் எழுத முடியாது.

இதில் அதிகம் பிழையாவது வகுக்கும் எண்தான். முழுப் பரோவோடு ஒப்பிடுவதா, நிலையத்தைச் சுற்றியுள்ள வட்டாரங்களோடா, அல்லது 65 வயதைத் தாண்டியவர்களோடு மட்டுமா? முதியோர் நிலையம் என்பதால் இன ஒப்பீட்டை முதியோர் தொகையோடு செய்வதே நியாயம். புலம்பெயர்ந்த சமூகங்களில் இளையோர் அதிகம், முதியோர் பங்கு பொதுவாகக் குறைவு. அதனால் முதியோருக்குள் 'பிற ஆசியர்' 6 சதவீதமாக மட்டும் இருந்தால் விகிதம் 4 இல்லை, 6.7. எந்த எண்ணால் வகுத்தோம், ஏன் என்பதை மதிப்பீடு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதையே முதல் கேள்வியாக வையுங்கள்.

தமிழர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆசியர் என்ற தலைப்பின் கீழ் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர், பிற ஆசியர் என்ற கட்டங்கள்தான் உள்ளன. இலங்கைத் தமிழருக்குக் கட்டம் இல்லை. பலர் 'பிற ஆசியர்' என்று குறிக்கிறார்கள், சிலர் 'இந்தியர்' என்று குறிக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் 'இந்தியர்' கட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். மதம் என்று போனால் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று மூன்றாகப் பிரிகிறார்கள். விளைவு, கவுன்சிலின் அட்டவணையில் தமிழர் என்ற ஒரு கூட்டம் கண்ணிலேயே படாது. இதை ஈடுசெய்ய ஒரு வழி, முதன்மை மொழி பற்றிய கணக்கெடுப்புத் தரவு. அதில் தமிழ் தனியாக இருக்கிறது, 2021 தரவைத் தேசியப் புள்ளிவிவர அலுவலகத்திடமிருந்து பரோ அளவில் இலவசமாக எடுக்கலாம். ஆங்கிலம் சரளமாகப் பேச முடியாதவர்களின் எண்ணிக்கையும் அங்கே கிடைக்கும்.

அதைவிடப் பலமானது, நீங்களே எண்ணுவது. ஒரு பக்கப் படிவம் போதும்: வயதுப் பிரிவு, பால், நோய் அல்லது மாற்றுத்திறன், வீட்டில் பேசும் மொழி, வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், எப்படி வருகிறார், நிலையம் மாறினால் போவாரா, போகாவிட்டால் ஏன். பெயர் கேட்காதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடியுங்கள், எழுத முடியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி நிரப்புங்கள். 120 பேரில் 60, 70 பேரிடம் வாங்கினாலே, கவுன்சிலிடம் இருப்பதைவிட நல்ல தரவு உங்கள் கையில் இருக்கும். மிகச் சிறிய எண்களில் மட்டும் கவனம் தேவை. 5 பேருக்குக் குறைவான எந்தப் பிரிவையும் தனியாக வெளியிட வேண்டாம், ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

"எங்களிடம் தரவு இல்லை, ஆகவே தாக்கம் இல்லை" என்று எழுதியிருந்தால் அதை அடிக்கோடிடுங்கள். 2013இல் பிராக்கிங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது: தேவையான தகவல் கையில் இல்லையென்றால் அதைத் தேடிப் பெறும் கடமை உண்டு. பல நேரம் அதற்காகச் சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்கவும் வேண்டியிருக்கும்.

ஒவ்வோர் இயல்பையும் தனித்தனிக் கட்டத்தில் போடுவதால் இன்னொரு குறை வருகிறது. மேலே சொன்ன 48 பேரில் 39 பேர், 70 வயதைத் தாண்டிய, ஆங்கிலம் பேசாத பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். வயது, பால், இனம் மூன்றும் ஒரே ஆளில் சேர்கின்றன. வயது என்ற கட்டத்தில் "மற்ற நிலையத்துக்குப் போகலாம்" என்றும் இனம் என்ற கட்டத்தில் "மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார்" என்றும் எழுதிவிட்டால் இந்த 39 பேர் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் காணாமல் போகிறார்கள். இரட்டைப் பாகுபாடு பற்றிய 14ஆம் பிரிவு நடைமுறைக்கு வரவே இல்லை. ஆனால் 149இன் கீழ் உள்ள கடமை நிஜ மனிதர்களைப் பற்றியது. அந்த 39 பேரைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள் என்று கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

"புதிய நிலையம் எல்லோருக்கும் திறந்திருக்கும், ஆகவே எல்லோருக்கும் சமம்" என்ற வாக்கியம் அநேகமாக உங்கள் கவுன்சிலின் அறிக்கையிலும் இருக்கும். இதற்குத்தான் 2008ஆம் ஆண்டு ஈலிங் வழக்கு. சவுத்தாலில் இயங்கும் சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற அமைப்பு, குடும்ப வன்முறைக்கு ஆளான ஆசிய, ஆப்பிரிக்க கரீபியப் பெண்களுக்காக உழைத்து வந்தது. அதற்குக் கொடுத்த பணத்தை, பரோ முழுவதற்கும் பொதுவான ஒரே சேவைக்கு மாற்ற ஈலிங் கவுன்சில் முடிவெடுத்தது. தாக்கத்தை முன்கூட்டியே மதிப்பிடவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கவுன்சில் பின்வாங்கியது. நீதிபதி மோசஸ் ஆனாலும் தீர்ப்பெழுதினார். சிறுபான்மையினருக்கான சிறப்புச் சேவை சமத்துவத்துக்கு எதிரானது அல்ல, அதை வளர்க்கவே செய்கிறது என்பது அதன் சாரம். தமிழ் முதியோருக்கென்று ஒரு மதிய உணவுக் குழு இருப்பது மற்றவருக்கு அநீதி என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

அடுத்து, இழப்பின் அளவு. இதுதான் மதிப்பீடுகள் மிகவும் மேலோட்டமாகப் போகும் இடம், ஆனால் உங்களுக்கு அதிகம் தெரிந்த இடமும் இதுவே. "புதிய நிலையம் 2.4 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது" என்று வரைபடத்தைப் பார்த்து எழுதுவார்கள். கைத்தடியோடு நடக்கும் 80 வயதுக்காரருக்கு அது எத்தனை பேருந்து, எங்கே இறங்கி மாற வேண்டும், நிறுத்தத்தில் உட்கார இருக்கை உண்டா, சாலையைக் கடக்க விளக்கு உண்டா என்று எழுத மாட்டார்கள். லண்டனில் முதியோருக்கான இலவசப் பயண அட்டையான பிரீடம் பாஸ், வார நாட்களில் காலை 9 மணிக்கு முன் லண்டன் பேருந்திலும் டியூபிலும் செல்லாது. மாற்றுத்திறனாளிகளுக்கான பாஸுக்கு அந்தத் தடை இல்லை. புதிய நிலையம் 9.30க்குத் தொடங்கினால், 45 நிமிடப் பயணம் உள்ளவர் 9.45க்கு முன் இலவசமாகப் போய்ச் சேர முடியாது. இப்படி ஒரு நாளின் நேரத்தை மணி வாரியாக எழுதிக் கொடுங்கள். சைவ உணவு அங்கேயே சமைக்கப்படுகிறதா, தமிழ் பேசும் ஊழியர் எத்தனை மணி நேரம் இருக்கிறார், மறதி நோய் உள்ளவர்களுக்குப் பழகிய முகங்கள் மாறுவதால் என்ன ஆகும் என்பவையும் இழப்புகளே. மறதி நோய் முற்றும்போது பிந்திக் கற்ற மொழி முதலில் மங்கி, தாய்மொழியே மிஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. அப்படிப்பட்டவருக்கு மொழி வசதி கூடுதல் சலுகை அல்ல, பராமரிப்பின் அடிப்படை.

பாதிப்பைக் குறைக்கும் நடவடிக்கைகள் என்ற பகுதியை நான்கு கேள்விகளால் சோதியுங்கள்: யார் செய்வார்? எந்தத் தேதிக்குள்? எவ்வளவு பணம்? நடந்ததா என்று எப்படி அளப்பீர்கள்? "மாற்றுச் சேவைகளுக்கு வழிகாட்டப்படுவார்கள்" என்பது இந்த நான்குக்கும் பதில் சொல்லாது. அந்த மாற்றுச் சேவையில் இன்றைக்கு எத்தனை இடம் காலியாக இருக்கிறது, காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். "மூடிய பிறகு ஒவ்வொருவரையும் தனியாக மதிப்பிடுவோம்" என்பதும் வழக்கமான பதில். பராமரிப்புத் திட்டம் உள்ளவர்களுக்கு அந்தத் தனி மதிப்பீடு நடக்கத்தான் வேண்டும். ஆனால் மூடலாமா என்று யோசிக்க வேண்டிய நேரத்துக்கு அது ஈடாகாது, ஏனென்றால் அப்போது கட்டடமே இருக்காது.

கலந்தாலோசனை பற்றிச் சுருக்கமாக. திட்டம் உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும், புரிந்து பதில் சொல்லப் போதுமான காரணங்களைத் தர வேண்டும், போதிய அவகாசம் தர வேண்டும், வந்த பதில்களை மனச்சாட்சியோடு கருத வேண்டும். இந்த நான்கும் பழைய கன்னிங் கொள்கைகள். 2014இல் உச்ச நீதிமன்றம் மோஸ்லி வழக்கில், கவுன்சில் வரிச் சலுகையைக் குறைப்பது பற்றி ஹேரிங்கே கவுன்சில் நடத்திய கலந்தாலோசனை சட்டவிரோதம் என்றது. சலுகையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்பதுபோல அந்த ஆவணம் எழுதப்பட்டிருந்ததும், கவுன்சில் நிராகரித்த மற்ற வழிகளை அது சொல்லாததும்தான் காரணம். உங்கள் கவுன்சிலின் ஆவணத்திலும் நிராகரித்த மாற்று வழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இணையத்தில் மட்டும், ஆங்கிலத்தில் மட்டும் கேள்விப் படிவம் வைத்திருந்தால், பதில் தந்தவர்களின் வயது, இனப் பங்கீட்டை நிலையத்துக்கு வருவோரின் பங்கீட்டோடு ஒப்பிடுங்கள். வருவோரில் 55 சதவீதம் 75 வயதைத் தாண்டியவர்களாக இருக்க, பதில் தந்தவர்களில் அவர்கள் 8 சதவீதமாக இருந்தால், அந்தக் கலந்தாலோசனை வேறு யாரையோ கேட்டிருக்கிறது.

முடிவெடுக்கும் கவுன்சிலர்கள் எதைப் படித்தார்கள் என்பதும் முக்கியம். கடமை அதிகாரிகளோடு நிற்பதில்லை, முடிவெடுப்பவர்களுடையது. 2011இல் பர்மிங்காம் கவுன்சில், பராமரிப்பைத் 'தீவிர' தேவை உள்ளவர்களுக்கு மட்டும் என்று குறைக்க முயன்று தோற்றது. அதனால் கைவிடப்படும் மனிதர்களுக்கு நடைமுறையில் என்ன நேரும் என்பது முடிவெடுப்பவர்கள் முன் தெளிவாக வைக்கப்படவில்லை. உங்கள் கேபினட் அறிக்கையில் சமத்துவம் பற்றி இரண்டு வரியும் "இணைப்பு 7 பார்க்க" என்ற குறிப்பும் மட்டும் இருந்தால் இதைச் சுட்டிக்காட்டி எல்லா கேபினட் உறுப்பினர்களுக்கும் எழுதுங்கள். முக்கிய முடிவுகளை 28 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். கூட்ட ஆவணங்கள் 5 முழு வேலை நாட்களுக்கு முன் வெளிவர வேண்டும். முடிவுக்குப் பிறகு கவுன்சிலர்களின் ஆய்வுக் குழு அதை மறுபரிசீலனைக்குத் திரும்ப அழைக்கச் சில நாட்களே அவகாசம் இருக்கும், எத்தனை நாள் என்பதைக் கவுன்சிலின் யாப்பில் (நடைமுறை விதித் தொகுப்பில்) பாருங்கள்.

ஒரே ஆண்டில் வரும் வெட்டுக்களைச் சேர்த்துப் பார்ப்பதை மறந்துவிடாதீர்கள். பகல்நேர நிலையம், நூலக நேரம், வாகன நிறுத்த அனுமதி இணையத்துக்கு மாறுவது, போக்குவரத்து உதவி. தனித்தனியாக ஒவ்வொன்றும் 'சிறிய தாக்கம்' என்று தாண்டிப் போகும். நான்கும் ஒரே வீட்டின் ஒரே பாட்டியின் மேல் விழுகின்றன. வரவுசெலவுத் திட்டத்துக்கான ஒட்டுமொத்த மதிப்பீடு உண்டா என்று கேளுங்கள். கவுன்சில்கள் மார்ச் 11க்குள் வரியைத் தீர்மானிக்க வேண்டும், ஆகவே இந்தக் கேள்வியை டிசம்பர், ஜனவரியிலேயே எழுப்ப வேண்டும். பெப்ரவரி கடைசியில் எழுப்பினால் பதில் மட்டும் வரும், மாற்றம் வராது.

இப்போது செய்ய வேண்டியது. தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் மூன்றைக் கேளுங்கள்: மதிப்பீட்டின் எல்லா வரைவுகளும் அவற்றின் தேதிகளும், நிலையத்துக்கு வருவோரின் வயது, பால், இன, மாற்றுத்திறன் எண்ணிக்கைகள், மாற்று நிலையத்தின் கொள்ளளவு. பதில் தர 20 வேலை நாள் அவகாசம் உண்டு. உங்கள் கணக்கெடுப்பை இரண்டு பக்கத்தில் எழுதி, பக்க எண்ணோடு, "உங்கள் 6ஆம் பக்கத்தில் இனம் நடுநிலை என்கிறீர்கள், எண் இல்லை, எங்கள் எண் இது" என்ற முறையில் அனுப்புங்கள். கோபமான பத்துப் பக்கத்தைவிட இது கவுன்சிலின் சட்டப் பிரிவை வேகமாக எழுப்பும்.

நீதிமன்றம் கடைசி வழி. நீதித்துறை மறுஆய்வுக்கு (கவுன்சில் சட்டப்படி முடிவெடுத்ததா என்று நீதிமன்றம் பார்க்கும் வழக்கு) தாமதமின்றிப் போக வேண்டும், எப்படியும் 3 மாதத்துக்குள். கட்டடத் திட்ட அனுமதி வழக்கு என்றால் 6 வாரம்தான். புகார் நடைமுறை முடியட்டும் என்று காத்திருந்து பலர் இந்தக் காலத்தைத் தவறவிடுகிறார்கள், அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். முடிவு வந்த வாரமே சட்ட மையம் ஒன்றையோ பொதுச் சட்ட வழக்கறிஞரையோ பாருங்கள். வழக்குக்கு முந்தைய கடிதத்துக்குக் கவுன்சில் வழக்கமாக 14 நாளில் பதில் தரும், சில விவகாரங்கள் அந்தக் கடிதத்தோடே தீர்ந்துவிடுகின்றன. வென்றாலும் நீதிமன்றம் முடிவை ரத்துச் செய்யும், அவ்வளவுதான். கவுன்சில் ஒழுங்காக மதிப்பிட்டுவிட்டு மறுபடி அதே முடிவை எடுக்கலாம். தவறு நடந்திராவிட்டாலும் விளைவு பெரிதாக மாறியிருக்காது என்று தெரிந்தால், நீதிமன்றம் நிவாரணமே தராமலும் போகலாம். ஆகவே உங்கள் தரவு, விளைவு மாறியிருக்கும் என்று காட்டும் அளவுக்கு வலுவாக இருக்க வேண்டும்.

நிலையம் மூடப்பட்டாலும் கடமை தொடர்கிறது. முடிவிலேயே 6 மாத, 12 மாத மறுபரிசீலனையை எழுதச் சொல்லுங்கள், அதில் எந்த எண்கள் வர வேண்டும் என்பதையும் சேர்த்து: 120 பேரில் எத்தனை பேர் புதிய நிலையத்துக்கு ஒரு முறையாவது போனார்கள், எத்தனை பேர் மூன்றாம் மாதத்திலும் போகிறார்கள், நின்றுபோனவர்கள் யார், அவர்களில் தமிழ் பேசும் பெண்கள் எத்தனை பேர். இந்த எண்களைச் சேகரிக்கும் அதிகாரியின் பதவிப் பெயரும் தீர்மானத்திலேயே இருக்கட்டும்.